உறைந்த கருவில் பிறந்த துர்கா: யார் இந்த சுபாஷ் முகர்ஜி?

1978 ஜூலை 25-ல் உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் 'துர்கா' பிறந்தார். காரணம், டாக்டர் சுபாஷ் முகர்ஜி. 1931-ல் ஹசாரிபாக்கில் பிறந்தவர். கொல்கத்தா, எடின்பரோ என இரண்டு இடங்களில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

அப்படி என்ன புதுசா செஞ்சார்?

இங்கிலாந்து குழு இயற்கையாக வளரும் ஒரு முட்டைக்காகக் காத்திருந்தது. முகர்ஜி ஹார்மோன் ஊசியால் பல முட்டைகளை வளர வைத்தார். உருவான கருவை உறைய வைத்து, அடுத்து வந்த ஒரு மாதவிடாய் சுழற்சியில் கருப்பைக்குள் வைத்தார்.

யாரும் நம்பலை. மேற்கு வங்க அரசின் விசாரணைக் குழுவும் ஏற்கவில்லை. ஜப்பான் கருத்தரங்குக்குப் போக அனுமதி கிடைக்கலை. 1981-ல் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். அந்த ஜூன் 19-ல் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 50.

1986-ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்று பதிவானது. அதைச் சாதித்த குழுவின் விஞ்ஞானி டி.சி.ஆனந்த்குமார், முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதலிடம் அவருக்கே என்று 1997-ல் எழுதினார்.

இன்னைக்கு அந்த வழி யாருக்கு உதவுது?

17-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பெண்களுக்கும்தான். இது அரிதான குறைபாடு. இவர்களுக்கு புரோஜெஸ்டிரோன் வேண்டாத நேரத்தில் கூடுவதால், கருப்பை கருவை ஏற்காது. அதனால் கருவை உறைய வைத்து, ஸ்டீராய்டு மருந்தால் புரோஜெஸ்டிரோனைக் குறைத்து, ஈஸ்ட்ரோஜன் கொடுத்துக் கருப்பையைத் தயாராக்கிய பிறகே வைக்கிறார்கள். இப்படித் தாயானவர்கள் இருக்கிறார்கள்.