பட்டுப்புழுவைக் காத்த மேதை

பட்டு, ஒரு சிறு புழு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூட்டிலிருந்து கிடைக்கும் இழை. அந்தப் புழு அழிந்தால் பட்டும் இல்லை.

லூயி பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் தோல் பதனிடுபவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இரசாயனம் பயின்று பெரும்புகழ் பெற்றார். அந்நாட்டின் தென்பகுதியில் பட்டுப்புழுக்கள் நோயுற்று மடிந்தன. அவற்றின் உடலில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றின. புழு வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் வறுமையில் வாடின. இதற்கு வழிகாணுமாறு 1865-இல் பாஸ்டரின் ஆசிரியர் தூமா அவரை வேண்டினார். பட்டுப்புழுவைப் பற்றி ஏதும் அறியாதவர் அவர். ஆயினும் ஆசானின் சொல்லைத் தட்டாமல் அலே நகருக்குச் சென்றார்.

அவ்வாண்டே அவருடைய தந்தையும் இரண்டு வயது மகளும் இறந்தனர். மறு ஆண்டு பன்னிரண்டு வயது மகள் செசில் டைபாய்டு காய்ச்சலுக்குப் பலியானாள். துயரத்தை நெஞ்சில் அடக்கிக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மனைவி மரியும் உடனிருந்து புழுக்களை வளர்த்தார். 1868-இல் பக்கவாதம் தாக்கி இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. அப்போதும் அவர் ஓயவில்லை.

அவர் கண்ட வழி எளியது. தாய்ப்பூச்சி முட்டையிட்டபின் அதை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நோய்க்கிருமி தென்பட்டால் அந்த முட்டைகளை அழித்துவிட வேண்டும், இல்லையெனில் வளர்க்கலாம். 1870-இல் இதை நூலாக வெளியிட்டார்.

1895-இல் பாஸ்டர் மறைந்தார். நம் நாட்டுப் பட்டு முட்டை நிலையங்களிலும் இன்றும் தாய்ப்பூச்சியை இவ்வாறே சோதிக்கின்றனர். தம் குழந்தைகளைக் காக்க இயலாத அத்தந்தை, எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் அடுப்பு அணையாமல் காத்தார். பட்டாடை உடுத்தும்போது அவரையும் நன்றியுடன் நினைப்போமாக!