பி. ராமமூர்த்தி

பி. ராமமூர்த்தி (செப்டம்பர் 20, 1908 – டிசம்பர் 15, 1987) தமிழகத்தைச் சேர்ந்த பொதுவுடைமை இயக்கத் தலைவரும் தொழிற்சங்கவாதியும் ஆவார். பி. ஆர். என அழைக்கப்பட்டார். சென்னையில் பிறந்த இவர் அரசியலில் மதுரையோடு பிணைத்தே அறியப்படுகிறார்.

தொடக்க வாழ்க்கை

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஒரு கால் ஊனமுற்றவர். தாங்கித் தாங்கியே நடப்பார். தலைமறைவாக வாழ வேண்டியிருந்த ஒருவருக்கு இஃது எளிதில் மறைக்கக்கூடிய அடையாளமன்று. 1936-இல் சென்னையில் அமைந்த பொதுவுடைமைக் கட்சிக் கிளையின் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவர். 1940-களின் தொடக்கத்தில் சென்னைச் சதி வழக்கில் தண்டிக்கப்பட்டார்.

மதுரையும் ஆலைத் தொழிலாளரும்

ஹார்வி ஆலை என்று மக்கள் அழைத்த மதுரை ஆலையில் 1918-இலேயே ஜார்ஜ் ஜோசப் முதலியோர் சங்கம் அமைத்திருந்தனர். ராமமூர்த்தி பணியாற்றிய காலத்தில் ஆலை விபத்துகளுக்கு 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே பொருந்தியது. அதன் முதல் அட்டவணை உடலுறுப்புகளுக்கு விழுக்காட்டுக் கணக்கு வைத்திருந்தது. தொடக்க வடிவில் கட்டைவிரல் இழப்புக்கு 25, சுட்டுவிரலுக்கு 10, பிற விரலுக்கு 5, ஒரு கண்ணுக்கு 30 விழுக்காடு உழைப்புத்திறன் இழப்பு எனக் கொள்ளப்பட்டது. தொகை ஒரே தவணையில் கொடுக்கப்படும். அது தீர்ந்தபின் தொழிலாளி தம் வழியைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். நெசவு, நூற்பு இயந்திரங்களிடையே விரலே பிழைப்பாக இருந்தவர்களுக்கு இக்கணக்கு எவ்வளவு குறைவானது என்பதை விளக்கத் தேவையில்லை.

1946 டிசம்பரில் மதுரைச் சதி வழக்கில் ராமமூர்த்தி முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். என். சங்கரய்யா, கே. டி. கே. தங்கமணி ஆகியோரும் உடன் சிறைப்பட்டனர். 1947 ஆகஸ்டு 14 அன்று, விடுதலைக்கு முந்தைய நாள், வழக்கு பொய்யானது எனக் கண்ட நீதிபதி அனைவரையும் விடுவித்தார்.

ஈட்டுறுதிச் சட்டம்

1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (ஈ.எஸ்.ஐ.) நிறைவேறியது. நிலையான ஊனமுற்றவருக்கு வாழ்நாள் முழுதும் காலமுறைப் பணம் கொடுக்க இது வழிசெய்தது. ஆயினும் மாத ஊதியம் 400 ரூபாயைத் தாண்டியவர் தொடக்கத்தில் இதனுள் வரவில்லை. உச்சவரம்பு உயராமல் ஊதியம் மட்டும் உயர்ந்தால், சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே தொழிலாளி பயனை இழப்பார். வயல் வேலை செய்தோரும் சிறு பட்டறைகளில் இருந்தோரும் தொடக்கத்திலிருந்தே வெளியில்தான் இருந்தனர். வைகைச் சமவெளியின் உழைப்பாளருள் பெரும்பகுதியினர் இவர்களே.

சட்டமன்றமும் நாடாளுமன்றமும்

1952 தேர்தலில் சிறையிலிருந்தபடியே மதுரை வடக்குத் தொகுதியில் வென்றார். ஆந்திரம் பிரிந்தபின் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். 1967-இல் மதுரையிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். மாநிலங்களவையிலும் இருமுறை உறுப்பினராக இருந்தார். 1964-இல் கட்சி பிளவுபட்டபோது மார்க்சிஸ்ட் கட்சியின் முதல் அரசியல் தலைமைக் குழுவின் ஒன்பது பேருள் ஒருவரானார்.

சி.ஐ.டி.யு.

1970-இல் கல்கத்தாவில் இந்தியத் தொழிற்சங்க மையம் தோன்றியபோது பி. டி. ரணதிவே தலைவராகவும் ராமமூர்த்தி பொதுச்செயலாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நெருக்கடி நிலையின்போது, 1975 செப்டம்பரில், குறைந்தபட்ச போனசு 8.33 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டது. ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியரின் 1974 ஒப்பந்தப் பயன் 1976-இல் தனிச்சட்டத்தால் பறிக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் இவற்றை எதிர்த்தன. போனசு 1977-இல் மீண்டும் 8.33 விழுக்காடானது, காப்பீட்டு ஊழியருக்கு எதிரான சட்டத்தை 1978-இல் உச்சநீதிமன்றம் செல்லாததாக்கியது. பெற்ற பயனைச் சட்டத்தாலேயே திரும்பப் பறிக்கலாம் என்பதையும், அதை மீட்கவும் இயலும் என்பதையும் இவ்விரு நிகழ்வுகளும் காட்டின.

பொதுத்துறை நிறுவனமான பி.எச்.இ.எல். செருமானிய சீமென்சு நிறுவனத்துடன் செய்யவிருந்த உடன்பாட்டையும் ராமமூர்த்தி கடுமையாக எதிர்த்தார்.

விடுதலைப் போரையும் திராவிட இயக்கத்தையும் பற்றி இவர் எழுதிய நூல் 1987-இல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே காலமானார்.