விக்ரம் சாராபாய்

ஆமதாபாத்தின் செல்வ மிகுந்த ஆலைக் குடும்பத்தில் 1919-இல் பிறந்த ஸ்ரீ விக்ரம் சாராபாய், பெங்களூரில் ஸர் ஸி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பயின்றவர். 1963-இல் அவரது முயற்சியால் தும்பாவிலிருந்து எழுந்த முதல் ராக்கெட் அமெரிக்காவினுடையது. அத்துடன் நில்லாது, சுதேச ராக்கெட்டுக்கு அஸ்திவாரமிட்டு, 1971-இல் அவர் காலஞ்சென்றார்.

இரவல் நெடுநாள் உதவாதென்பது 1993-இல் விளங்கிற்று. மேலடுக்குக்குரிய கிரையோஜெனிக் எஞ்சின் நுட்பத்தைத் தர இசைந்திருந்த ருஷ்யா, அமெரிக்க நிர்ப்பந்தத்தால் பின்வாங்கியது. பூஜ்யத்துக்குக் கீழ் 253 டிகிரியில் திரவமாகும் ஹைட்ரஜனை ஆளும் அவ்வித்தையில் நம்மவர் 2010-இல் தோற்று, 2014-இல் வென்றனர்.

2023-இல் சந்திரயான்-3-ஐ உந்தியதும் சுதேச கிரையோஜெனிக் எஞ்சினே. சந்திரனில் இறங்கிய கலத்தின் பெயர் விக்ரம்; திட்டத்தை நடத்தியவர் விழுப்புரத்து ஸ்ரீ வீரமுத்துவேல்.

விழுப்புரம், திண்டிவனம் வாலிபர்களே! பிறர் தர மறுத்ததை நாமே ஆக்கிக்கொள்வதே சுயராஜ்யம்.