பாரிஸில் ஏழு நாள்

வெளிநாட்டில் படிக்கப் போனால், லீவில் பக்கத்து ஊரை ஒரு நடை பார்த்துட்டு வரணும்னு ஆசை வரும். நம் கல்லூரி நண்பர்கள் பலருக்கும் இது தெரியும். மகாத்மா காந்திக்கும் அந்த ஆசை வந்தது.

1888-ல், 18 வயதில், சட்டம் படிக்க லண்டன் போனார். செலவுக்கு அண்ணன்தான் பணம் அனுப்பினார். அதனால் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். வண்டிக்குக் கொடுக்காமல் மைல் கணக்கில் நடந்தார்.

1889-ல் பாரிஸில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அதைப் பார்க்கப் போனவர், ஒரு சைவ ஓட்டலில் அறை எடுத்து ஏழு நாள் தங்கினார். கையில் ஊர் வரைபடம், பெரும்பாலும் நடைதான்.

பொருட்காட்சிக்காகக் கட்டிய ஈஃபில் கோபுரம் அப்போது புத்தம் புதுசு. சுமார் 300 மீட்டர் உயரம், 7,300 டன் இரும்பு, 25 லட்சம் ரிவெட். காந்தி இரண்டு மூன்று தடவை ஏறினார். அவ்வளவு உயரத்தில் சாப்பிட்டோம்னு சொல்லிக்கொள்ள, ஏழு ஷில்லிங் கொடுத்து மதியச் சாப்பாடும் சாப்பிட்டார். சிக்கனக்காரருக்கே சபலம்!

பல வருடம் கழித்து 'சத்திய சோதனை'யில் அதை வீண் செலவு என்றே எழுதினார். கோபுரத்தையும் வெறும் விளையாட்டுப் பொருளாகத்தான் மதித்தார். அவர் மனதில் நின்றது நோத்ர தாம் தேவாலயம். பக்தி இல்லாமல் அப்படிக் கட்டியிருக்க முடியாது என்று பட்டது.

இன்ஜினீயர்களான நமக்கு இது கொஞ்சம் வலிக்கும். அந்தக் கோபுரம் நம் தொழிலுக்கே பெருமை ஆச்சே! ஆனாலும் எவ்வளவு உயரம் என்பதோடு, எதற்காகக் கட்டுகிறோம் என்றும் கேட்கத்தானே வேண்டும்? அந்தக் கேள்வி ஒரு சட்ட மாணவருக்குத் தோன்றியிருக்கிறது.