யானை வரையச் சொன்ன வைத்தியர்

அம்பாறை மாவட்டத்து வயலோரங்களில் வாழ்வோர்க்கு யானை புதிதன்று. பள்ளிச் சிறுவன் ஒருவனிடம் பென்சிலைக் கொடுத்து யானை வரையென்றால், அழகாகவோ அலங்கோலமாகவோ துதிக்கையும் நாலு காலும் உடைய ஓர் உருவைக் கீறிவிடுவான். எளிதென்று நாம் கருதும் இச்செயலையும் மூளைக் காயத்தை ஆராயும் கருவிகளுள் ஒன்றாக்கியவர் சேர் ஹென்றி ஹெட் என்னும் ஆங்கில வைத்தியர்.

1861 ஆம் ஆண்டு இலண்டனிலே குவேக்கர் குடும்பமொன்றிற் பிறந்த ஹெட், கேம்பிறிட்ஜிற் பயின்று, ப்ராக் நகரில் உடலியற் பேராசான் ஹேரிங்கிடம் ஆராய்ச்சி கற்று, இலண்டன் வைத்தியசாலையில் நரம்பு நோய்களில் வல்லவரெனப் பெயர் பெற்றார். நோயாளர் தம் உணர்வைச் செவ்வனே சொல்லமாட்டாது தடுமாறுதல் கண்டு, 1903 இல் தமது இடக்கையின் தோல் நரம்பையே அறுக்கச் செய்தார்! உணர்வு மீண்டு வரும் விதத்தை நாலாண்டுகள் சோதித்தறிந்தார். உடனிருந்து சோதித்தவர் றிவர்ஸ். நீலகிரித் தோதவரைப் பற்றி 1906 இல் பெருநூல் வெளியிட்டவரும் அவரே.

1914 இல் மூண்ட பெரும்போர் ஹெட்டுக்கு வேறொரு பணியைத் தந்தது. தலையிற் குண்டடிபட்ட இளம் படையதிகாரிகள் பலர் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டனர். பேச்சுக்கு ஓரிடம், எழுத்துக்கு ஓரிடம் என மூளையைக் கட்டங்களாகவும் கோடுகளாகவும் பிரித்து, நோயாளியை அக்கட்டங்களுள் அடக்குவதே முன்னைய ஆராய்ச்சியாளர் பலரின் வழக்கம். ஹெட் அதனை வெறுத்தார். ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்னும் மூத்த அறிஞரைப் பின்பற்றி, காயமுற்றவன் எதனைச் செய்கிறான், எங்கே தவறுகிறான் என்று நாட்கணக்காய் உற்றிருந்து நோக்கினார்.

அவர் கையாண்ட பொருள்கள் எளியவை: சில நாணயங்கள், ஒரு கடிகாரம், காகிதம், பென்சில். முன்னே வைத்த பாத்திரத்தைப் பார்த்து வரைய வல்லவன், அதனை எடுத்துவிட்டு மனத்திலிருந்து வரையச் சொன்னால் திகைப்பான். வேறொரு கடிகாரத்தைப் பார்த்து முட்களைச் சரியாக வைப்பவன், வாயால் நேரத்தைச் சொன்னதும் நெடுமுள்ளையும் குறுமுள்ளையும் மாற்றி வைப்பான். தான் படுத்திருக்கும் அறையில் கதவு எங்கே, சாளரம் எங்கே என்று கைகாட்டத் தெரிந்தவனுக்கு அவ்வறையின் தரைப்படம் கீற இயலாது. எதிரே அமர்ந்த வைத்தியர் வலக்கையால் இடக்கண்ணைத் தொட்டால், அதுபோற் செய்யத் தவறுபவன், கண்ணாடியில் அவர் உருவைப் பார்த்துச் செய்யும்போது பிழையின்றிச் செய்வான். கண் கெடவில்லை, கையும் கெடவில்லை. ஒன்றைக் குறியாக்கி மனத்துள் நிறுத்தி, அக்குறியைக் கொண்டு செயற்படும் ஆற்றலே ஊறுபட்டது என்பது ஹெட் கண்ட முடிவு.

இவற்றை 1926 இல் இரு பாகங்களாக வெளியிட்டார். இரண்டாம் பாகத்தில் இருபத்தாறு நோயாளரின் வரலாறுகள் உள்ளன. அவர்களுக்குப் பெயரில்லை, எண் மட்டுமே. ஹெட் வகுத்த நால்வகைப் பிரிவு பிற்காலத்தில் நிலைக்கவில்லை. முன்னோரை அவர் அளவுக்கு மீறி எள்ளினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் உற்றுநோக்கிப் பதித்தவையோ இன்றும் பயன்படுகின்றன.

முதியோரின் மறதி நோயை ஆராயும் வைத்தியர் இக்காலத்தில் ஒரு வட்டத்தைக் கடிகாரமாக்கி, பதினொரு மணி பத்து நிமிடம் காட்டச் சொல்கின்றனர். ஹெட்டின் கடிகாரச் சோதனைக்கு இது உறவே. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. ஹெட் சோதித்தவர் பெரும்பாலும் கல்வி கற்ற இளைஞர். மருதமுனைத் தறியிலே நுண்ணிய கோலங்களை நெய்து முதிர்ந்து, பென்சில் பிடித்தறியாத மூதாட்டி ஒருவர் வட்டத்தைக் கோணலாய்க் கீறினால், அது மூளையின் குறையா, பழக்கமின்மையா? எழுத்தறியாதோர் இச்சோதனையில் நோயின்றியும் தவறுவர் என்பது ஆராய்ச்சியாளர் கண்டதே. நோயாளி முன்பு எத்தகையவராயிருந்தார் என்று வினவாமல் காகிதத்தை மட்டும் பார்ப்பவர் ஹெட்டின் வழியைப் பின்பற்றியவராகார்.

1904 இல் ஹெட் மணந்த றூத் மேஹியூ, பிறைற்றன் நகரில் பெண்கள் பாடசாலைத் தலைமையாசிரியையாயிருந்தவர், இருவருக்கும் பிள்ளைகளில்லை. ஹெட் கவிதையும் எழுதினார். 1919 இல் அவருடைய கவிதைத் தொகுதி வெளிவந்தது. 1927 இல் சேர் பட்டம் வந்தபோது பார்க்கின்சன் நோய் அவரைப் பற்றியிருந்தது. பிறர் நரம்புகளை ஆராய்ந்த மனிதர் தம் உடல் படிப்படியாய் இறுகுவதைத் தாமே உணர்ந்தார். தொழிலை விட்டு நாட்டுப்புறம் சென்று, நாவலாசிரியர் தோமஸ் ஹார்டியின் அயலிற் சிலகாலம் வாழ்ந்து, பின்னர் றெடிங் நகரையடைந்தார். 1940 ஒக்டோபர் 8 ஆம் நாள் அங்கேயே காலமானார்.