பிரையன் கிளஃப்

பிரையன் ஹோவர்ட் கிளஃப் (மார்ச் 21, 1935 - செப்டம்பர் 20, 2004) இங்கிலாந்தைச் சேர்ந்த காற்பந்தாட்ட வீரரும் மேலாளரும் ஆவார். டெர்பி கவுண்டி, நாட்டிங்காம் ஃபாரஸ்ட் ஆகிய இரு கழகங்களை முதன்முறையாக இங்கிலாந்தின் வாகையர் ஆக்கியவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். அதற்கு முன்னர் கோல்களைக் குவித்த முன்கள வீரராக விளங்கிய இவரது ஆட்ட வாழ்க்கை, 27ஆம் வயதில் முழங்காலில் ஏற்பட்ட காயத்தால் தடைப்பட்டது.

இளமை

கிளஃப் வடகிழக்கு இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில் ஓர் எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். தேர்ச்சிச் சான்றிதழ் எதுவுமின்றி 1950இல் பள்ளியை விட்டு நீங்கி, வேதித் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்தார். 1953 முதல் 1955 வரை வான்படையில் கட்டாயப் படைச்சேவை ஆற்றினார்.

ஆட்ட வாழ்க்கை

1955இல் மிடில்ஸ்பரோ கழகத்துக்காக ஆடத் தொடங்கிய கிளஃப், 213 லீக் போட்டிகளில் 197 கோல்கள் அடித்தார். 1959இல் இங்கிலாந்து அணிக்காக இரு போட்டிகளில் ஆடினார். 1961இல் அண்டைக் கழகமான சண்டர்லாந்தில் இணைந்தார். அப்போது இவ்விரு கழகங்களும் இரண்டாம் பிரிவில் இருந்தமையால், இவருக்கு முதல் பிரிவில் ஆடும் வாய்ப்பு அதுவரை கிட்டவில்லை.

முழங்கால் காயம்

1962 டிசம்பர் 26 அன்று சண்டர்லாந்தின் ரோக்கர் பார்க் அரங்கில், உறைபனியால் இறுகிய ஆடுகளத்தில், பரி அணியுடன் போட்டி நடைபெற்றது. பந்தைத் துரத்திச் சென்ற கிளஃப், எதிரணியின் கோல்காப்பாளருடன் மோதி விழுந்தார். முழங்காலின் உட்பக்கத் தசைநாரும், மூட்டின் உள்ளே குறுக்காக அமைந்த தசைநாரும் கிழிந்தன.

குறுக்குத் தசைநார்கள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைப்பவை. ஓடும்போது திடீரெனத் திரும்பவும் நிற்கவும் மூட்டுக்கு உறுதியளிப்பவை இவையே. உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணைக் கொண்டு கிழிந்த தசைநாரைப் புதிதாக அமைக்கும் அறுவைச் சிகிச்சை இன்று வழக்கமானது. அதன்பின் பல மாதப் பயிற்சி பெற்று வீரர்கள் பலர் களம் திரும்புகின்றனர். 1960களில் இம்முறை பரவலாகவில்லை. ஆதலால், இத்தகைய காயம் பெரும்பாலும் ஆட்ட வாழ்க்கையின் முடிவாகவே கருதப்பட்டது.

மீள்வருகை

கிளஃப் இன்றியே சண்டர்லாந்து 1964இல் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. ஏறத்தாழ 20 மாத இடைவெளிக்குப் பின்னர், அவ்வாண்டு செப்டம்பரில் இவர் மீண்டும் களமிறங்கினார். லீட்ஸ் யுனைடெட்டுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். முதல் பிரிவில் இவர் அடித்த ஒரே கோல் இதுவாகும். எனினும், மூன்று போட்டிகளுக்கு மேல் முழங்கால் இடங்கொடுக்கவில்லை. 29ஆம் வயதில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 274 லீக் போட்டிகளில் 251 கோல்கள் இவரது மொத்தக் கணக்காகும்.

மேலாளர்

சண்டர்லாந்தின் அன்றைய மேலாளர் ஜார்ஜ் ஹார்ட்விக், இளையோர் அணியைப் பயிற்றும் பொறுப்பைக் கிளஃபிடம் ஒப்படைத்தார். 1965 அக்டோபரில், 30ஆம் வயதில், நான்காம் பிரிவிலிருந்த ஹார்ட்லிபூல்ஸ் யுனைடெட் கழகத்தின் மேலாளரானார். மிடில்ஸ்பரோவில் உடன் ஆடிய பீட்டர் டெய்லர் இவருக்குத் துணையாக அமைந்தார்.

இவ்விருவரும் 1967இல் டெர்பி கவுண்டியில் பொறுப்பேற்றனர். அக்கழகம் 1969இல் முதல் பிரிவுக்கு உயர்ந்து, 1972இல் வாகை சூடியது. 1974இல் லீட்ஸ் யுனைடெட்டில் கிளஃபின் பணி 44 நாட்களே நீடித்தது. 1975இல் நாட்டிங்காம் ஃபாரஸ்டின் மேலாளரானார். 1977இல் முதல் பிரிவுக்கு உயர்ந்த அக்கழகம், மறு ஆண்டே வாகையர் ஆனது. 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

மறைவு

கிளஃப் 1993இல் ஓய்வு பெற்றார். 2003இல் இவருக்குக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. 2004 செப்டம்பர் 20 அன்று டெர்பி நகரில் புற்றுநோயால் காலமானார். நாட்டிங்காமையும் டெர்பியையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.