பாசியின் வம்சம் தேடிய ஐயங்கார்

நஞ்சன்கூட்டில் ஸ்ரீகண்டேஸ்வரரைத் தரிசிக்க வருகிறவர்கள் முதலில் கபிலா நதியில் நீராடுவது வழக்கம். மழைக்காலம் கழிந்ததும் படித்துறைக் கற்களில் பச்சைப் படலம் படர்ந்துவிடும். முன்னே இறங்குகிறவர், பாசி இருக்கிறது, பார்த்து இறங்குங்கள் என்று பின்னே வருகிறவரை எச்சரிப்பார். பாசியைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பாசிக்கே தம் வாழ்நாளைக் கொடுத்த தமிழர் ஒருவர் உண்டு. இந்தியப் பாசியியலின் தந்தை என்று தாவரவியலார் போற்றும் பேராசிரியர் எம்.ஓ.பி. ஐயங்காரே அவர். மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் என்பது முழுப்பெயர்.

பெயரின் முதல் சொல்லைக் கேட்டதுமே மைசூர் வட்டாரத் தமிழர்களுக்கு ஊர் புரிந்துவிடும். நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் வழியாகப் போனால் சுமார் 70 கிலோமீட்டரில் வரும் மண்டியாதான் அந்த மண்டயம். தலைமுறை தலைமுறையாகக் கன்னட நாட்டில் வாழ்ந்தும் வீட்டில் தமிழை விடாதவர்கள் மண்டயம் ஐயங்கார்கள். அவர்களில் சில குடும்பங்கள் சென்னைப் பக்கம் போய்க் குடியேறின. பார்த்தசாரதி 1886 டிசம்பர் 15-ம் தேதி சென்னையில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்திலும், பின் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலும் பணியாற்றிவிட்டுத் தாம் படித்த மாநிலக் கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார்.

தாவரவியல் என்றால் பூக்கும் செடி, காய்க்கும் மரம் என்றிருந்த காலம் அது. குட்டைத் தண்ணீரைக் குப்பியில் அள்ளிக்கொண்டு வருகிறவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் அந்தக் குப்பிக்குள் இருந்தது ஓர் உலகம். கண்ணுக்கே தெரியாத ஓர் உயிரணுவும் பாசிதான். கலிபோர்னியாக் கடலில் 40 மீட்டருக்கு மேல் தென்னையை மிஞ்சி வளரும் பழுப்புக் கடற்பாசியும் பாசிதான். பச்சை, பழுப்பு, சிவப்பு என்று நிறத்திலேயே குலங்கள் பிரிகின்றன. நீலப்பச்சைப் பாசி என்பது உண்மையில் பாக்டீரியா இனம் என்று பிற்காலத்தில் தெளிவாயிற்று.

ஐயங்கார் இவற்றில் எதையும் ஒதுக்கவில்லை. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927-ல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் எழுதினார். என்றாலும் அவருடைய மனம் லயித்தது நன்னீர்ப் பாசிகளில்தான். அவற்றுள்ளும் வால்வாக்ஸ் அவருக்கு மிகவும் உவப்பானது. நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில், உயிரணுக்கள் கூடி ஒரு பச்சை உருண்டையாகித் தண்ணீரில் உருண்டு ஓடும் அழகைப் பார்த்தவர் மறக்கமாட்டார். தென்னிந்தியக் குளங்களில் வாழும் இந்தக் கூட்டுப் பாசிகளைப் பற்றி அவர் எழுதியதை 1933-ல் லண்டன் லின்னேயன் சங்கம் வெளியிட்டது.

ஆனால் உலகம் அவர் பெயரை அறிந்தது வேறொரு பாசியால்.

ஈரமண்ணில் கிடைத்த கிழங்கு

மழை பெய்து தேங்கிய நீர் வற்றும்போது வண்டல் மண்மேல் பச்சைப் பொடி தூவியதுபோல் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் வளரும் ஒரு புதிய பாசியை 1932-ல் ஐயங்கார் விவரித்தார். லண்டனில் தமக்கு வழிகாட்டிய பேராசிரியர் ஃபிரிட்ஷின் நினைவாக அதற்கு ஃபிரிட்ஷியெல்லா டியூபரோசா என்று பெயரிட்டார். குருவின் பெயரைச் செடிக்கு வைப்பது விஞ்ஞானிகளின் குருதட்சிணை போலும்.

அதன் உடலமைப்புதான் அதிசயம். வேர் போன்ற இழை மண்ணுக்குள் இறங்குகிறது. மண்ணுக்கடியில் உருண்டை உயிரணுக்கள் கிழங்குபோல் கொத்தாகத் திரள்கின்றன. அங்கிருந்து கிளைகள் கிளம்பி, கிளையின் கிளைகள் மண்ணுக்கு மேலே தலை நீட்டுகின்றன. வெயில் காய்ந்தால் மேலே உள்ளது கருகிவிடும். கிழங்குக் கொத்து பிழைத்துக் கிடந்து அடுத்த மழைக்கு மீண்டும் துளிர்க்கும். வேர், கிழங்கு, தண்டு என்று நாம் செடியில் காணும் வேலைப் பிரிவினை ஒரு பாசியில்!

தண்ணீரில் பிறந்த தாவரம் தரைக்கு வந்தது எப்படி என்பது அன்றைய தாவரவியலின் பெரிய கேள்வி. அது நடந்து சுமார் 50 கோடி ஆண்டுகள் இருக்கலாம். பச்சைப் பாசியிலும் நெற்பயிரிலும் ஒரே வகைப் பச்சையம் இருக்கிறது, இரண்டும் மாவுச்சத்தையே சேமிக்கின்றன. ஆகவே தரைச் செடிகளின் மூதாதை பச்சைப் பாசிக் குலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்தக் குலத்தில் எந்தக் கிளை என்பதே வழக்கு. ஃபிரிட்ஷியெல்லா போன்ற பாசிகளைக் காட்டி, இவற்றைப் போன்றவையே தரைக்கு வந்த முன்னோர் என்று ஃபிரிட்ஷ் வாதாடினார். காசி இந்து பல்கலைக்கழகத்தின் ஆர்.என். சிங் 1941-ல் இந்தப் பாசியின் வாழ்க்கையை மேலும் ஆராய்ந்து எழுதினார். பாடப் புத்தகங்களில் படமும் ஏறியது.

வழக்கு அதோடு முடியவில்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பின், உயிரணு இரண்டாகப் பிரியும்போது இடையே சுவர் எழும்பும் விதத்தை ஒப்பிட்டார்கள். பின்னர் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். ஃபிரிட்ஷியெல்லா வேறு கிளை என்று தெரிந்தது. தரைச் செடிகளின் நெருங்கிய உறவு, வயல் நீரிலும் குட்டையிலும் பச்சைப் பட்டுநூல்போல் மிதக்கும் ஸ்பைரோகைராவின் இனம் என்பதே இப்போதைய முடிவு. பார்வைக்கு வேரும் இல்லை, கிழங்கும் இல்லை. ஆனால் வம்சம் அதுதான். மண்ணில் கால் ஊன்றும் வித்தையை ஃபிரிட்ஷியெல்லா தனியாகவே கற்றுக்கொண்டிருக்கிறது.

இதை ஐயங்காரின் தோல்வி என்று சிலர் நினைக்கலாம். அது சரியல்ல. அவர் கண்டதும் வரைந்ததும் இன்றும் அப்படியே நிற்கின்றன. பிறழ்ந்தது அதன்மேல் கட்டிய வம்சாவளி மட்டுமே.

ஓய்வுக்குப் பின்

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்து 1944-ல் ஐயங்கார் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது சம்பளத்துக்குத்தான். நுண்ணோக்கியை அவர் விடவில்லை. டென்மார்க் அறிஞர் பியார்கெசன் 1939-லேயே ஒரு பழுப்புக் கடற்பாசி இனத்துக்கு ஐயங்காரியா என்று பெயர் சூட்டியிருந்தார். குஜராத் கரையில் அது இன்றும் காணக் கிடைக்கிறது.

1963 டிசம்பர் 10-ம் தேதி அவர் காலமானார். 77 வயது நிறைய ஐந்து நாட்களே இருந்தன. ஆயுள் முழுதும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வால்வாக்ஸ் குலத்தின் வரலாறு அப்போது புத்தகமாக வந்திருக்கவில்லை. அவருடைய சீடர் டி.வி. தேசிகாச்சாரி அந்தப் பணியை ஏற்றார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அதை 1981-ல் வெளியிட்டபோது அட்டையில் குரு, சீடர் இருவர் பெயரும் இருந்தன. ஐயங்கார் மறைந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.